கோல நோட்டுகளை வெயிலில் இயங்கும் சர்வரில் ஏற்றுவது எப்படி?

எங்கள் வீட்டிலும் பெரியம்மா, சித்தி, அத்தை வீடுகளிலும் பரண்மேல் கிடந்த பதினொரு கோல நோட்டுகளை இணையத்தில் வைக்க விரும்பினேன். அந்தத் தளம் மொட்டை மாடியில் வைத்த சிறு சோலார் பேனல் தரும் மின்சாரத்திலேயே இயங்க வேண்டும் என்பதும் என் விருப்பம். ஒரு மாத வேலை என்று கணக்கிட்டுத் தொடங்கியது நான்கு மாதங்களைத் தின்றது. அந்தத் தாமதத்தில் பாதிக்கு மேல், யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடியது. கோலம், பாட்டு நோட்டு, பழைய நாடக நோட்டீஸ் என்று உங்கள் வீட்டில் இருப்பது எதுவாக இருந்தாலும் இந்த வரிசை உங்களுக்குப் பயன்படும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மின் கட்டணத்தை மிச்சப்படுத்தும் நோக்கத்தோடு இதைச் செய்யாதீர்கள். என் சர்வர், அதாவது தளத்தின் பக்கங்களைப் பார்வையாளருக்கு அனுப்பும் சிறு கணினி, சராசரியாக 1.2 வாட் எடுக்கிறது. ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடினாலும் பத்தரை யூனிட்தான் ஆகும். உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. இவ்வளவு சிறிய மின்சாரத்துக்குள் அடங்கும்படி ஒரு தளத்தை அமைத்தால், அது பழைய கைப்பேசியிலும், சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊரிலும் சட்டென்று திறக்கிறது. கோலத்தைத் தேடி வருபவர்களில் பலர் அப்படிப்பட்ட கைப்பேசியோடு வருபவர்கள் என்பதால் எனக்கு இது முக்கியமாகப்பட்டது.

வழிகாட்ட முன்மாதிரிகளும் உண்டு. லோ-டெக் மேகசின் என்ற இதழ் 2018 முதல் பார்சிலோனாவில் ஒரு வீட்டு பால்கனியில் வைத்த பேனலின் மின்சாரத்தில் தன் தளத்தை இயக்கிவருகிறது. தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் தளம் அணைந்துவிடும் என்பதை அவர்கள் வாசகர்களிடம் மறைப்பதில்லை. சோலார் புரோட்டோகால் என்ற கலைத் திட்டம், பல நாடுகளில் உள்ள சிறு சோலார் சர்வர்களை இணைத்து, எங்கே வெயில் அதிகமோ அங்கிருந்து பக்கத்தை அனுப்புகிறது. இருக்கும் கருவியை நீண்ட காலம், குறைந்த மின்சாரத்தில் பயன்படுத்தும் இந்தப் போக்கைப் பெர்மாகம்ப்யூட்டிங் என்று அழைக்கிறார்கள்.

1. யார், எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

நான் இதைச் செய்யாமல் நேராகக் கடைக்குப் போய் பேனல் வாங்கினேன். அது முதல் தவறு. கோலத் தளத்தைப் பெரும்பாலும் மார்கழியில் தேடுவார்கள்; அதிலும் விடிவதற்கு முன் நாலரை, ஐந்து மணிக்கு வாசல் தெளித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்ப்பார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. ஆகவே வெயில் மிகக் குறைவாகக் கிடைக்கும் மாதங்களை ஒட்டியும், பேட்டரி இரவு முழுவதும் இறங்கி மிகக் கீழே இருக்கும் மணியிலும்தான் என் தளத்துக்குக் கூட்டம் வரும். இந்த ஒரு கணக்கு, பேட்டரியின் அளவிலிருந்து இரவு நேர நிறுத்தம் வரை மற்ற எல்லா முடிவுகளையும் மாற்றிவிட்டது. உங்கள் தொகுப்பு ஆடி மாதக் கூத்து தொடர்பானது என்றால் கணக்கு முற்றிலும் வேறாக இருக்கும்.

2. அனுமதிக் கடிதங்களை இப்போதே வாங்கத் தொடங்குங்கள்

அதிக நாட்களை விழுங்குவது இந்தப் படிதான். எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. "நம்ம வீட்டு நோட்டுதானே, எதற்குக் கையெழுத்து?" என்று கேட்பார்கள், கேட்டாலும் வாங்கிவிடுங்கள்.

மரபான கோலம் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. ஆனால் ஒருவர் தானே அமைத்து வரைந்த புதிய கோலமும், நோட்டில் அவர் எழுதிய குறிப்பும் அவருடைய படைப்பு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி அந்த உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். மூத்த மகன் மட்டும் போட்ட கையெழுத்தை நம்பி நான் பதினைந்து நாட்களை இழந்தேன்.

கடிதத்தில் பலரும் விட்டுவிடும் இரண்டு வரிகள் உண்டு. எவ்வளவு காலத்துக்கு அனுமதி என்று எழுதாவிட்டால், சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால், இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். இணையத்தில் வைக்கும் பக்கத்தை யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் திறந்து பார்ப்பார்கள் என்பதால் "உலகெங்கும்" என்ற சொல்லும், காலத்தைக் குறிக்கும் எண்ணும் கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். இவற்றோடு நோட்டின் அடையாளம் (அட்டையின் நிறம், பக்க எண்ணிக்கை, தோராயமான ஆண்டு), பெயரை வெளியிடலாமா கூடாதா என்ற விருப்பம், எடுத்துவிடச் சொன்னால் எத்தனை நாளில் எடுப்பீர்கள் என்ற உறுதி, தேதி, கையெழுத்து ஆகியவையும் இருக்கட்டும். நான் வெள்ளைத் தாளில் இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றை அவர்களிடமே கொடுத்தேன். பெயர் வேண்டாம் என்று சொன்ன மூன்று பேரின் கோலங்களை ஊர்ப் பெயரும் இல்லாமலேயே வைத்திருக்கிறேன்.

நோட்டுகளில் இருக்கும் கோலங்களில் கணிசமான பகுதி அந்நாளைய வார இதழ்களைப் பார்த்து வரைந்தவை. பக்கத்தின் ஓரத்தில் இதழின் பெயரோ தேதியோ குறித்திருந்தால் அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். ஐயமுள்ளவற்றை நான் ஏற்றவில்லை.

3. கோலத்தைப் படமாக வைக்காமல், கோடாக எழுதுங்கள்

இந்தப் பணியில் நான் மிகவும் மகிழ்ந்த பகுதி இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கைப்பேசியில் எடுத்த ஒரு நோட்டுப் பக்கத்தின் படம் 3 முதல் 5 மெகாபைட் வரும். அதே சிக்குக் கோலத்தை எஸ்.வி.ஜி. வடிவத்தில், அதாவது "இங்கே தொடங்கு, இப்படி வளை, அங்கே முடி" என்று எழுத்தாலான கட்டளைகளாக வைத்தால் ஒன்றிரண்டு கிலோபைட்டில் அடங்கிவிடும். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் கோடு சிதறாது. கோலம் இதற்கு இயல்பாகவே பொருந்துகிறது. "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று நம் வீட்டுப் பெண்கள் நோட்டில் எழுதும் ஒற்றை வரியே புள்ளிகள் அத்தனையையும் வைக்கப் போதுமான கட்டளைதான். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களை விதிகளால் உருவாகும் ஒருவகை மொழியாகக் கருதி 1974இலேயே ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். குறைந்த மின்சாரக் கணினிப் பணிக்கு ஏற்ற கலைவடிவம் நம் வாசலிலேயே இருந்திருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

செய்யும் முறை: இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் நோட்டுப் பக்கத்தின் படத்தை அடியில் வைத்து, அதன்மேல் கோட்டை நீங்களே வரையுங்கள். நான்கு பக்கமும் ஒத்திருக்கும் கோலமானால் கால் பகுதியை மட்டும் வரைந்து, மீதியை அதே பகுதியின் சுழற்சியாகக் குறிப்பிடுங்கள். சேமிக்கும்போது "எளிய எஸ்.வி.ஜி." என்ற தேர்வைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் மென்பொருள் தன் சொந்தக் குறிப்புகளையும் கோப்பில் சேர்த்துவிடும். ஆயத்தொலைவுகளில் தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் போதும்.

இங்கே உள்ள பொறி, தானாகக் கோடு பிடிக்கும் வசதி. அது ஒற்றைக் கோட்டை இருபுறமும் விளிம்புள்ள ஒரு மெல்லிய பட்டையாகப் புரிந்துகொண்டு, ஆயிரக்கணக்கான முனைகளை உருவாக்கிவிடுகிறது. கோப்பு பெருத்துப்போவதோடு, கோலத்தின் இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அடிப்படைத் தகவலும் அழிந்துவிடுகிறது. நாற்பது கோலங்களை அப்படிச் செய்து, பிறகு கையால் மறுபடியும் வரைந்தேன். பழகிய பிறகு ஒரு கோலத்துக்கு இருபது நிமிடம் ஆகும்.

நோட்டுப் பக்கத்தையே காட்ட வேண்டிய இடங்களும் உண்டு. மஞ்சள் கறை, பென்சில் அழித்த தடம், ஓரத்தில் எழுதிய பால் கணக்கு ஆகியவையும் அந்த நோட்டின் பகுதிதான். அவற்றை 1000 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, நான்கு சாம்பல் நிறங்களில் புள்ளிகளாக மாற்றி வைக்கலாம். இந்தப் புள்ளிமயமாக்கலுக்கு ஒரு தனி அழகு இருக்கிறது. பழைய செய்தித்தாள் படம் போலத் தெரியும். எனினும் அதுதான் எப்போதும் மிகச் சிறிய கோப்பைத் தரும் என்று நம்பிவிடாதீர்கள். பல பக்கங்களுக்கு வெப்பி (WebP) என்ற பட வடிவமே சிறியதாக வந்தது. இரண்டையும் செய்து எடையைப் பார்த்து முடிவெடுங்கள். புள்ளிமயமாக்கிய படத்தை உலாவி தன் விருப்பப்படி சுருக்கினால் அலைஅலையான கோடுகள் தோன்றும் என்பதால், அதை எந்த அளவில் உருவாக்கினீர்களோ அதே அளவில் காட்டுங்கள்.

எழுத்துக்கு: தமிழ் எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டாம். இன்றைய கைப்பேசிகளிலும் கணினிகளிலும் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. இணையப் பக்கங்களில் வழக்கமான யூ.டி.எஃப்.-8 என்ற யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுப்பதால் ("கோ" என்பது இரண்டு குறிகள், ஆறு பைட்) தமிழ்ப் பக்கம் கனமாகத்தான் தொடங்கும்; பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் ஜிசிப் (gzip) வசதியைச் சர்வரில் இயக்கினால் அந்தக் கனம் பெருமளவு இறங்கிவிடும். பக்கங்களை முன்கூட்டியே தயாரித்த வெறும் எச்.டி.எம்.எல். கோப்புகளாக வையுங்கள், தரவுத்தளம் எதுவும் தேவையில்லை.

4. சர்வர் கருவியைத் தேர்ந்து, அளந்து பாருங்கள்

வீட்டில் பழைய சிறு கணினிப் பலகை ஏதாவது இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கருவியை உருவாக்கவும் ஆற்றல் செலவாகிறது. என்னிடம் எதுவும் இல்லாததால் ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினிப் பலகையை வாங்கினேன். வாங்கியவுடன் ஒரு யூ.எஸ்.பி. மின் அளவியில் இரண்டு நாட்கள் ஓடவிட்டு, சராசரியை எழுதி வையுங்கள். அடுத்த படியின் கணக்கு முழுவதும் அந்த எண்ணைத்தான் நம்பியிருக்கிறது.

மெமரி கார்டை எழுத முடியாத, வாசிக்க மட்டும் முடியும் நிலையில் அமையுங்கள். சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவுக் குறிப்புகள் தற்காலிக நினைவகத்துக்குப் போகட்டும். மின்சாரம் திடீரென்று நின்றால் கார்டு கெடுவதற்கு, அந்த நேரத்தில் அதில் தகவல் எழுதப்பட்டுக்கொண்டிருப்பதுதான் முக்கியக் காரணம். எனக்கு முதல் கார்டு மூன்றாம் வாரத்தில் கெட்டது.

5. பேனலும் பேட்டரியும்

முதலில் 20 வாட் பேனலும், 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி லெட்-ஆசிட் பேட்டரியும் வாங்கினேன். அந்தப் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 84 வாட் மணி (ஒரு வாட் எடுக்கும் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட் மணி). அதன் ஆயுள் கெடாமல் பாதியைத்தான் எடுக்கலாம். அது ஒரு நாளைக்குச் சற்றே கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். நவம்பரில் தொடர்ந்து நான்கு நாட்கள் மழை பெய்தபோது அது அடிவரை இறங்கி, அதன்பின் முழுச் சார்ஜை ஏற்கவே இல்லை.

இப்போது நான் வைத்திருக்கும் கணக்கை அப்படியே தருகிறேன். சர்வர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 29 வாட் மணி எடுக்கிறது. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும்போது ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் 33. பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் தன் பங்குக்கு 3 எடுத்துக்கொள்கிறது. ஆக மொத்தம் 36. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 12.8 வோல்ட், 12 ஆம்பியர் மணி பேட்டரி சுமார் 153 வாட் மணி கொள்ளும். எண்பது விழுக்காட்டைப் பயன்படுத்தினால் 123. வெயிலே இல்லாமல் மூன்றரை நாள் வரை தாங்கும்.

இதை நீட்டிக்க, இரவு 10 மணி முதல் விடியற்காலை 4 மணி வரை சர்வரை நிறுத்திவிடுகிறேன். இதனால் நாளொன்றுக்கு 28 வாட் மணியே போதும். மார்கழிக் கூட்டம் வரும் நேரத்துக்கு மின்சாரமும் மிஞ்சும். இதற்குத் தனிக் கடிகாரம் உள்ள 12 வோல்ட் டைமர் வேண்டும். சர்வர் 9.55க்குத் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும்படி அமைத்து, டைமர் 10 மணிக்கு மின்சாரத்தைத் துண்டிக்கட்டும்.

பேனல் 40 வாட். நல்ல வெயில் நாளில் இழப்பெல்லாம் போக 110 வாட் மணிக்குக் குறையாமல் கிடைக்கிறது. மழைமேக நாளில் அதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிகம். தெற்கு நோக்கி 15 பாகை அளவுக்குச் சாய்த்து வையுங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலும், துணி காயப்போடும் கயிறும் எந்த நேரத்தில் எங்கே விழுகின்றன என்று ஒரு முழு நாள் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். பேனலின் ஒரு மூலையில் விழும் நிழல்கூட முழு உற்பத்தியையும் வெகுவாகக் குறைத்துவிடும்.

சார்ஜ் கன்ட்ரோலர் வாங்கும்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கான தேர்வு அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். கடையில் பெரும்பாலும் லெட்-ஆசிட் அமைப்பிலேயே தருவார்கள். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். பேட்டரியும் கன்ட்ரோலரும் வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. பில்லையும், கடை முத்திரையிட்ட உத்தரவாத அட்டையையும் வாங்கி, அன்றே படம் எடுத்து வையுங்கள். முத்திரை இல்லை என்ற காரணத்தால் என் முதல் பேட்டரியைக் கடைக்காரர் திரும்பப் பார்க்கவே மறுத்துவிட்டார்.

6. இணைய இணைப்பு

பேனல் வாங்குவதற்கு முன்பே இதைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன். வீட்டு பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் உங்களுக்கென்று தனி ஐ.பி. முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் கண்டுபிடிக்க உதவும் எண்) கிடைப்பதில்லை, பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கின்றன. வெளியிலிருந்து உங்கள் சர்வரைத் தேடி வருபவருக்கு வழியே இருக்காது. கண்டறியும் முறை எளிது: ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் காணும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்கள் அப்படிப்பட்ட பொது வாசலுக்குப் பின்னால்தான் இருக்கிறீர்கள். எனக்கு இணைப்பு தரும் நிறுவனத்தின் உதவிமைய ஊழியர் "உங்களுக்குத் தனி முகவரிதான்" என்று மூன்று முறை உறுதியளித்தார்; மூன்று வாரங்கள் என் சர்வரில்தான் தவறு என்று தேடிக்கொண்டிருந்தேன்.

ஸ்டாட்டிக் ஐ.பி., அதாவது மாறாத தனி முகவரி கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, கடைசி பில் ஆகியவற்றின் நகல்களைக் கேட்பார்கள். உங்கள் திட்டத்தின் விதிகள் வீட்டில் சர்வர் நடத்துவதை அனுமதிக்கின்றனவா என்பதையும் அப்போதே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குப் பதினெட்டு நாட்கள் ஆயின. ஐ.பி. பதிப்பு 6 என்ற புதிய வகை முகவரி மட்டும் இருந்தால் செலவில்லாமல் முடியும். ஆனால் அந்தப் பதிப்பு இல்லாத இணைப்பிலிருந்து வருபவர்களுக்குத் தளம் திறக்காது.

ரவுட்டரின் மின்சாரத்தையும் நேர்மையாகக் கணக்கில் வையுங்கள். என் ரவுட்டர் 7 வாட் எடுக்கிறது. சர்வரைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. அது வீட்டு மின்சாரத்தில்தான் ஓடுகிறது, அதைத் தளத்தின் முகப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

7. அணைந்து எழும்போது

இந்தப் பலகையில் மின்சாரம் இல்லாதபோது நேரத்தை நினைவில் வைக்கும் கடிகாரம் கிடையாது. விடியற்காலை எழுந்தவுடன் அது பழைய தேதியிலேயே இருக்கும். அந்த நிலையில், தளத்தின் இணைப்பு பாதுகாப்பானது என்று உலாவிக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் தொடர்பான வேலைகள் பிழை தரும். இணையத்திலிருந்து நேரத்தைப் பெற்ற பிறகே மற்றவை தொடங்கும்படி வரிசையை அமையுங்கள். ரவுட்டரில், இணையப் பக்கங்கள் போய்வரும் 80, 443 ஆகிய இரண்டு வாயில்களை (போர்ட்) மட்டும் திறங்கள்.

தளம் அணைந்திருக்கும் நேரத்தைப் பார்வையாளருக்குச் சொல்லிவிடுங்கள். என் முகப்பில் பேட்டரியின் அளவு ஒரு புள்ளி வரிசையாகத் தெரியும். பேட்டரி இறங்க இறங்கப் புள்ளிகள் குறையும். முழுத் தொகுப்பையும் ஒரே கோப்பாகத் தரவிறக்கவும் வசதி வைத்திருக்கிறேன். 260 கோலங்களும் குறிப்புகளும் சேர்ந்து ஒரு மெகாபைட்டைத் தாண்டவில்லை. பலர் அதைக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு மார்கழி முழுவதும் இணையம் இல்லாமலே பார்க்கிறார்கள்.

8. செலவும் காலமும்

நான் கொடுத்த விலைகள், ரூபாயில்: சிறு கணினி 1,700, மெமரி கார்டு 800, பேனல் 2,200, பேட்டரி 4,000, கன்ட்ரோலர் 700, வோல்ட்டேஜ் இறக்கி 200, டைமர் 400, மின் அளவி 450, பெட்டி, ஒயர், ஃபியூஸ், தாங்கி 1,500. மொத்தம் 11,950. இதற்கு மேல் ஆண்டுதோறும் டொமைன் பெயருக்கு (தளத்தின் முகவரிப் பெயர்) 700, ஸ்டாட்டிக் ஐ.பி.க்கு 2,400. டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். உதவி செய்யும் நண்பரின் கணக்கில் வேண்டாம்.

மறுபடியும் தொடங்கினால் இந்த வரிசையில் செய்வேன்: முதல் வாரத்திலேயே ஐ.பி. விண்ணப்பமும் அனுமதிக் கடிதங்களும். அவை வரும்வரை கோலம் வரைதல். கருவிகளை இணைக்க ஒரு சனி, ஞாயிறு. பிறகு பத்து நாட்கள் வீட்டுக்குள் மட்டும் ஓடவிட்டுச் சோதனை. எட்டு வாரங்களில் முடிந்துவிடும். மார்கழிக்குள் வேண்டுமென்றால் புரட்டாசியில் தொடங்குங்கள். மழை தொடங்கிய பிறகு மாடியில் தாங்கி பொருத்துவது ஆபத்து என்பதால் அதை மட்டும் முதலிலேயே முடித்துவிடுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், அதே தகவல் ஏற்றிய இரண்டாவது மெமரி கார்டு ஒன்றைப் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். பெட்டியின் உள்மூடியில், எதை முதலில் கழற்ற வேண்டும், எந்த ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், யாரை அழைக்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். நான் ஊரில் இல்லாத ஒரு நாள், என் அம்மா அந்தத் தாளைப் பார்த்துத்தான் எரிந்துபோன ஃபியூஸை மாற்றினார்.